பதக்கம் வேறு, பழி வேறு

2019 ஏப்ரல் 22 அன்று கத்தார் நாட்டின் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், திருச்சியை அடுத்த முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கட்சிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பரிசுப்பணம் அறிவித்தன. ஒரு மாதம் போவதற்குள் பேச்சு மாறிவிட்டது. அவருடைய சிறுநீர் மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்தின் தடயம் இருந்தது. மார்ச் 18 முதல் மே 17 வரை எடுத்த நான்கு மாதிரிகளில் அது இருந்ததாகச் சொல்லி, சர்வதேசத் தடகள நேர்மைப் பிரிவு 2020 ஜூனில் நான்காண்டுத் தடையை அறிவித்தது. பதக்கம் இரண்டாவதாக வந்த சீன வீராங்கனை வாங் சுன்யுவுக்குப் போயிற்று. தெரிந்து எந்த மருந்தையும் எடுக்கவில்லை என்று கோமதி சொன்னார். அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்க நினைப்பது அதற்கும் முந்தைய ஒரு கேள்வி: அறியாமல் நடந்த ஒரு செயலுக்கு ஒருவர் எந்த அளவுக்குப் பொறுப்பாளி? சிறுநீரைச் சோதிக்கும் கூடங்கள் வருவதற்கு ஈராயிரம் ஆண்டு முன்பே இந்த மண்ணின் சமயங்கள் இதை வைத்துச் சண்டை போட்டிருக்கின்றன. அந்தச் சண்டையில் கிடைத்த தெளிவு இன்றைய விளையாட்டுச் சட்டத்திலும் இல்லை, டீக்கடைத் தீர்ப்பிலும் இல்லை என்பதே என் வாதம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். உலக ஊக்கமருந்து தடுப்பு விதித்தொகுப்பின்படி, உடலுக்குள் என்ன போனாலும் அதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு. யார் கொடுத்தார், எதில் கலந்தது, தெரிந்தா தெரியாமலா என்ற கேள்வி எதுவும் மீறலை நிலைநாட்டத் தேவையில்லை. மாதிரியில் மருந்து இருந்தால் அந்தப் போட்டியின் முடிவு ரத்து. இது முதல் பாதி. இரண்டாம் பாதி தடைக்காலம். ஸ்டீராய்டு வகை மருந்தென்றால் கணக்கு நான்காண்டிலிருந்து தொடங்கும். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று வீரர் மெய்ப்பித்தால் இரண்டாண்டு. தம் பக்கம் பெரிய தவறு இல்லையென்று காட்டினால் இன்னும் குறையும். தவறே இல்லையென்று காட்டினால் தடையே கிடையாது. ஆனால் மெய்ப்பிக்க வேண்டியவர் வீரர். கெட்ட எண்ணம் இருந்தது என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, இல்லையென்று காட்டும் சுமையை அவர் தலையில் வைக்கிறது விதி. காட்டுவதென்றால் மருந்து எந்த வழியாக உடலுக்குள் வந்தது என்பதையே பெரும்பாலும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கும். சத்துமாவு டப்பாவை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் வழக்கறிஞர் வைக்கவும் வசதி உள்ளவருக்கு அது முடியலாம். முதல் பாதி நியாயம் என்று நான் கருதுகிறேன். இரண்டாம் பாதியின் அனுமானம் நியாயம் இல்லை. இவ்விரண்டையும் தாண்டி ஊரும் ஊடகமும் கொடுக்கும் மூன்றாவது தண்டனை ஒன்று உண்டு. அதற்கு ஆயுள் வரம்பும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் எப்படிப் பிரிப்பது என்பதை சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் இரண்டு வேறு கேள்விகள் இரண்டு வேறு இடங்களுக்குப் போகின்றன. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்த வெடிவிபத்தைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே எடுத்து விசாரித்தது. விபத்து வழக்கில் தவறு யாருடையது என்று நிலைநாட்டாமலேயே இழப்பீடு விதிக்கலாம் என்று 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமே சொல்கிறது. இறந்தவரின் பிள்ளைக்குப் பணம் சேர வேண்டும். மருந்து அலசும்போது கை உராய்ந்ததா, வெயிலில் காயவைத்த மணிமருந்து சூடேறியதா என்று ஆராய்ந்து முடியும்வரை அந்தப் பிள்ளை காத்திருக்க முடியாது. காவல் நிலையத்தில் பதிவாகும் குற்ற வழக்கின் கதை வேறு. அங்கே ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் அவரது அலட்சியத்தைக் காட்டியாக வேண்டும். இழப்பீட்டுக்கு மனத்தைப் பார்க்கத் தேவையில்லை. சிறைக்குப் பார்த்தே ஆக வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை உண்டு என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் உள்குத்தகைக்குப் போயிருக்கும். வெடித்த மறுநாள் முதலில் கைதாகிறவர் பெரும்பாலும் போர்மேன். பொறுப்பு மேலிருந்து கீழே உருண்டு, ஓட முடியாதவரின் காலடியில் வந்து நிற்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

மனத்தைப் பார்க்க வேண்டுமா, செயலைப் பார்த்தால் போதுமா என்பது சமணருக்கும் பௌத்தருக்கும் நடந்த பழைய வழக்கு. மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி என்ற இல்லறத்தான், சமணரின் சார்பில் புத்தரிடம் வாதாடப் போகிறான். தீவினைகளில் மிகக் கொடியது உடலால் செய்ததே என்பது அவன் கட்சி; மனத்தால் செய்ததே என்பது புத்தர் கட்சி. உபாலி தோற்றுப் புத்தரின் சீடனாகிறான். கதையை எழுதியவர்கள் பௌத்தர்கள் என்பதால் இதில் வியப்பில்லை. சமணர்கள் சும்மா இருக்கவில்லை. சூத்ரகிருதாங்கம் என்ற அவர்களது ஆகம நூல் பௌத்தக் கொள்கையை எடுத்துக் கேலி செய்கிறது. புண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று நினைத்துச் சூலத்தில் குத்தி வாட்டியவன் கொலைகாரன், மனிதனைப் புண்ணாக்கு என்று நினைத்து வாட்டியவன் குற்றமற்றவன் என்று இவர்கள் சொல்வார்களாம்! தமிழில் நீலகேசி பௌத்தரோடு நடத்தும் வாதங்களுக்குப் பின்னாலும் இந்தப் பகை இருக்கிறது. சிவகாசிக்குத் தெற்கே கழுகுமலையின் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே பெயர் வெட்டிக்கொண்ட மாணாக்கர்களும் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் இந்த வாதத்தில் எந்தக் கட்சி என்பதில் ஐயமில்லை. முதல் பார்வையில் ஊக்கமருந்துச் சட்டம் சமணக் கட்சியாகத் தெரியும்: உள்ளே போனால் போனதுதான், நினைப்பு எதற்கு?

ஆனால் சமணத்தை அவ்வளவு முரட்டுத்தனமாகப் படிக்கக் கூடாது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கொலையை வரையறுக்கும்போது உயிர் போனது என்பதோடு நிறுத்தவில்லை. விழிப்பின்மையால் உயிரைப் போக்குவது என்கிறது. பிரமாதம் என்று வடமொழியில் சொல்லும் அந்தக் கவனக்குறைவே வினையைக் கட்டும் கயிறு. பார்த்துப் பார்த்து அடி வைக்கும் துறவியின் காலடியில் ஒரு பூச்சி வந்து மாட்டினால் அவர் கொலைகாரர் ஆகிவிடமாட்டார். ஆக, இரு தரப்பும் நின்று பேசும் இடம் நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. பௌத்தர் கேட்பது எண்ணம் இருந்ததா என்று. சமணர் கேட்பது எச்சரிக்கை இருந்ததா என்று. இரண்டுமே மனத்தைப் பற்றிய கேள்விகள்தாம். இதைவிட முக்கியமான ஒன்றையும் சமணம் சொல்லியிருக்கிறது: எல்லோரிடமும் ஒரே அளவு எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். உழுகிறவன் மண்ணில் புழு சாகும் என்று தெரிந்தும் உழ வேண்டியிருக்கிறது. துறவியின் அளவுகோலை அவன்மேல் வைப்பது அறமாகாது. திருவள்ளுவரும் புலான் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில்தான் வைத்தார். யாருக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்தது, எவ்வளவு கையில் இருந்தது என்பதைப் பொறுத்தே பொறுப்பின் அளவு கூடும், குறையும்.

இன்றைய விதித்தொகுப்பு ஏறக்குறைய எல்லா வீரரிடமும் மகாவிரதத்தை எதிர்பார்க்கிறது. வயது குறைந்தவருக்கும் பொழுதுபோக்காக விளையாடுகிறவருக்கும் கொஞ்சம் தளர்வு தருகிறது. ஏழ்மைக்கும் மொழி தெரியாமைக்கும் அப்படித் தனி வகை கிடையாது. தனி மருத்துவரும் உணவு வல்லுநரும் வழக்கறிஞரும் கூடவே வரும் ஐரோப்பிய வீரருக்கும், விவசாயக் குடும்பத்திலிருந்து புறப்பட்டு முகாமில் கொடுத்ததைச் சாப்பிட்டு ஓடும் பெண்ணுக்கும் ஒரே தொடக்கப் புள்ளி. 2010இல் தில்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அணியைச் சேர்ந்தவர்கள் உள்பட ஆறு ஓட்டக்காரிகள் 2011இல் மாட்டினார்கள். பயிற்சியாளர் யூரி ஒகோரோட்னிக் சீனாவில் வாங்கித் தந்த ஜின்செங் மாத்திரையில் மருந்து கலந்திருந்தது என்பது அவர்கள் தரப்பு. தேசிய ஒழுங்கு நடவடிக்கைக் குழு அதற்குக் காது கொடுத்து ஓராண்டுத் தடையோடு விட்டது. 2012 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக உயர்த்தியது. மாத்திரையில் என்ன இருக்கிறது என்று அவர்களே விசாரித்திருக்க வேண்டுமாம். பயிற்சியாளர் வேலையை இழந்தார். பயிற்சியாளர் நீட்டும் மாத்திரையை மறுக்கிற ஓட்டக்காரி அடுத்த முகாமில் எங்கே இருப்பார் என்று அந்த மன்றம் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே எழும் மறுப்பு எளிதில் தள்ளக்கூடியது இல்லை. 'தெரியாமல் நடந்தது' என்பதை ஒரு வழியாகத் திறந்துவிட்டால் எல்லோரும் அந்த வழியாகத்தானே ஓடுவார்கள்? மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் 2016இல் தன் உணவில் யாரோ மருந்து கலந்துவிட்டதாகச் சொன்னார். நம் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் குழு அதை ஏற்றது. ரியோ ஒலிம்பிக்கில் அவர் மல்லுக்கு இறங்குவதற்கு முன்பே நடுவர் மன்றம் அந்தக் கதையை நம்ப மறுத்து நான்காண்டு தடை விதித்தது. 2023இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213இல் மருந்து இருந்தது, நூற்றுக்கு 3.8. அவ்வளவு பேரும் ஏமாந்தவர்கள் என்று யாரும் நம்பப்போவதில்லை. கோமதியின் வழக்கிலேயே, இரண்டு மாத இடைவெளியில் நான்கு மாதிரி என்பது ஒருநாள் தவறிப்போய் விழுங்கிய மாத்திரைக் கதையோடு ஒத்துப்போகாது. ஆனால் மருந்து திரும்பத் திரும்ப உடலுக்குள் போயிருக்கிறது என்றுதான் அந்த நான்கு மாதிரி சொல்கிறது. கொடுத்த கை யாருடையது என்று சொல்லவில்லை. மறுப்புக்கு என் பதில் இது: பொய் சொல்லி யாரும் பதக்கத்தைத் தக்கவைக்கக் கூடாது என்பதற்காகத்தான் பதக்கத்துக்கு மனத்தைப் பார்க்க வேண்டாம் என்கிறோம். உண்மையே சொன்னாலும் பதக்கம் போகும். வாங் சுன்யுவுக்கு 2019இல் மேடையில் கிடைத்திருக்க வேண்டியது அவருக்குப் போய்ச் சேர வேண்டும். தோஹாவில் ஓடியவரின் மனம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அந்தக் கடன் தீராது. முதல் பாதி இவ்வளவு கறாராக இருப்பதனால்தான் இரண்டாம் பாதியில் நிதானமாக ஆராய நமக்கு இடம் கிடைக்கிறது.

கறாரான நீதிக்கு நம் மரபில் எல்லோரும் சுட்டுவது மனுநீதிச் சோழனை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் நடத்தும் மனு வாங்கும் நாளுக்கே அவன் பெயர். மகாவம்சம் இதே கதையை எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. இளவரசன் கன்றைப் பார்க்கவில்லை. கன்று தானாகத் துள்ளித் தேர்க்காலில் விழுந்தது. அறியாமல் நடந்ததற்குக் கழுவாய் போதும் என்று அமைச்சர்கள் சொன்னதைச் சோழன் ஏற்கவில்லை. எனவே நோக்கம் பொருட்டே இல்லை என்பதற்கு இக்கதை சான்று என்று சிலர் சொல்லக்கூடும். சேக்கிழார் சொன்னதைக் கூர்ந்து படித்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. அரசன் முதலில் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறான். உயிர்களுக்கு வரும் அச்சம் ஐந்து வகை: அரசனால், அவனது ஏவலரால், பகைவரால், கள்வரால், பிற உயிர்களால். இந்த ஐந்தையும் தீர்ப்பவனே காவலன் என்பது அங்கே வரும் வாதம். வரிசையைக் கவனியுங்கள்; அரசனும் அவன் ஆட்களும் முதலில் வருகிறார்கள், கள்வர் நான்காவது. பிறன் செய்தால் ஒரு நீதி, தன் மகனுக்கு ஒரு நீதியா என்பதே கழுவாயை மறுக்க அவன் காட்டிய காரணம். தேரைத் தானே ஓட்டினான். அந்தத் தீர்ப்பில் எல்லாவற்றையும் இழந்தவன் தீர்ப்புச் சொன்னவன். திருவாரூர்ப் பெருமான் கன்றையும் இளவரசனையும் தேரேற்றும் ஆணையை நிறைவேற்ற மனமின்றி உயிர் நீத்த அமைச்சனையும் திருப்பித் தந்தார் என்பது பக்தியின் முடிவு. அதற்கு முன்பு வரை அரசன் எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை.

தோஹா வழக்கில் தேர் யார்மேல் ஏறியது? பாட்டியாலாவில் மார்ச் மாதம் எடுத்த மாதிரியின் முடிவு நேரத்தில் வந்திருந்தால் கோமதியைத் தோஹாவுக்கே அனுப்பியிருக்க மாட்டோம் என்று இந்தியத் தடகளக் கூட்டமைப்பு குறைபட்டது. நேரத்தில் வரவில்லை; அவர் ஓடினார்; நாடு கொண்டாடியது; பிறகு நாடு கைவிட்டது. அதே 2019 ஆகஸ்டில் தில்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்து சோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை தரக் குறைபாடு காட்டி நிறுத்திவைத்தது; 2021 டிசம்பர்வரை அது திரும்பவில்லை. கூடத்தின் அங்கீகாரம் போனதற்காக எந்த அதிகாரியின் முகமும் தொலைக்காட்சியில் வட்டமிட்டுக் காட்டப்படவில்லை. போர்மேன் கைதாகும் கதைதான் இது. அறிவும் அதிகாரமும் மேலே இருந்தன, பழி மட்டும் கீழே வந்தது. சமண அளவுகோலை நேர்மையாக வைத்தால் மகாவிரதம் பூண்டவர்கள் கூட்டமைப்பும் முகாம் மருத்துவரும் சோதனைக் கூடமும்தாம். அதிகமாக எச்சரிக்கையோடு இருந்திருக்க வேண்டியவர்கள் அவர்களே.

இனி அந்த மூன்றாவது தண்டனை, ஐயம். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டம் இதற்கு நல்ல ஆய்வுக்கூடம். 2007 டிசம்பரில் வெளியான மிட்செல் அறிக்கை 89 ஆட்டக்காரர்களை ஊக்கமருந்தோடு சேர்த்துப் பெயர் சொன்னது. 762 ஹோம் ரன் அடித்துச் சாதனை வைத்திருக்கும் பேரி பாண்ட்சைப் புகழ்க்கூடத்தில் சேர்க்கப் பத்து ஆண்டு வாக்கெடுத்தும் செய்தியாளர்கள் போதிய வாக்குப் போடவில்லை. 2022இல் வாய்ப்பு முடிந்தது. அவர் கதையிலாவது விசாரணையும் வழக்கும் இருந்தன. மைக் பியாசாவும் ஜெஃப் பேக்வெலும் எந்தச் சோதனையிலும் சிக்காதவர்கள். தசை பெருத்திருக்கிறது, காலம் அப்படிப்பட்ட காலம் என்ற முணுமுணுப்பே போதுமாக இருந்தது. அவர்கள் 2016, 2017வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுபுறம், சோதனைகளில் தப்பிக்கொண்டே இருந்த அமெரிக்க ஓட்டக்காரி மரியன் ஜோன்ஸ் 2007இல் தானே ஒப்புக்கொண்டார். அவருக்குப் பின்னால் சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க, 1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்கு ஆளாகிப் பின்னர் விடுபட்டவர். சந்தேகம் சுமந்தவருக்கு வெள்ளி வந்தது, சோதனைகளில் தப்பி வலம் வந்தவரின் பதக்கங்கள் போயின. கண்ணால் பார்த்து மருந்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐயம் இல்லாவிட்டால் சோதனையே இல்லையே என்பார்கள். எல்லோர்மேலும் சமமாக, முகம் பாராமல் விழும் ஐயம் ஒரு கருவி. அதன் முடிவு விசாரணை. ஒருவரின் உடலையும் ஊரையும் பார்த்து அவர்மேல் மட்டும் விழும் ஐயம் தீர்ப்பாகவே பிறக்கிறது. இதன் மிகக் கொடிய எல்லையையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது, அதே தோஹாவில், அதே 800 மீட்டரில். 2006 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம் பாலினச் சோதனைக்குப் பின் பறிக்கப்பட்டது. அங்கே மருந்து இல்லை, செயலும் இல்லை, பிறந்த உடல் மட்டுமே இருந்தது. செயலே இல்லாத இடத்தில் சமணராலும் வினை காட்ட முடியாது. என்றாலும் ஏமாற்றியவர் என்ற பேச்சு அவரையும் விட்டுவைக்கவில்லை. பதக்கம் போனால் பழியும் உண்டு என்று நாம் பழகிவிட்டதன் விளைவு இது. அவர் விஷயத்தில் முதல் பாதியின் நியாயமே பொருந்தாது என்பது என் கருத்து. ஆனால் அது தனியாக எழுத வேண்டியது.

கடைசியாக ஒரு மறுப்பு. பழியை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனால் ஓட்டக்காரியை ஒன்றும் அறியாக் குழந்தை ஆக்கிவிடவில்லையா? முப்பது வயதுப் பெண், தன் உடலைத் தன் கையாலேயே செதுக்கியவர், என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாதவரா? கேட்க வேண்டிய கேள்விதான். அவரைப் பெரியவராக மதிப்பதென்றால் அவரிடம் பெரியவருக்குரிய கேள்வியைக் கேட்க வேண்டும்: கொடுத்தது யார், எந்த முகாமில், எப்போதிருந்து? விதித்தொகுப்பில் இதற்கு இடமும் இருக்கிறது. தகவல் தந்து பிறரைப் பிடிக்க உதவும் வீரரின் தடைக்காலத்தில் முக்கால் பங்குவரை நிறுத்திவைக்கலாம். ஆனால் பெயர் சொன்னவருக்கு மறுபடி முகாமில் இடம் கிடைக்குமா, ரயில்வேயிலோ வருமான வரித் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை நிலைக்குமா, பயிற்சியாளரின் மற்ற மாணவிகள் பேசுவார்களா என்ற பயத்தை எந்த விதியும் நிறுத்திவைக்கவில்லை. 2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் முகமைக்குச் சட்டத் தகுதி தந்தது, ஒழுங்குக் குழுவையும் மேல்முறையீட்டுக் குழுவையும் சட்டத்தில் ஏற்றியது. அந்தக் குழுக்கள் ஒவ்வொரு தீர்ப்பிலும் இரண்டு பத்திகளைத் தனித்தனியாக எழுதலாம்: போட்டி முடிவு ஏன் ரத்து என்று ஒன்று, யாருடைய எண்ணமும் யாருடைய அலட்சியமும் எவ்வளவு என்று இன்னொன்று. இரண்டாவதில் பயிற்சியாளர், மருத்துவர், கூட்டமைப்பு, சோதனைக் கூடம் ஆகியோரிடம் கேட்ட கேள்விகளும் அவர்கள் சொன்ன பதில்களும் இருக்க வேண்டும். கேட்கவே இல்லையென்றால், கேட்கவில்லை என்று எழுதட்டும்.